காட்டை ஆரும் நடுவினமோ

என் அக்காவின் மகள் சாம்பவி பல்கலைக்கழகப் படிப்பை நடுவில் விட்டுவிட்டுக் காட்டு வேலைக்குப் போகப்போவதாகச் சொன்ன அன்று, அக்கா ஜெகதீஸ்வரி அகப்பையைக் கறிக்குள் விட்டபடியே வந்து கதிரையில் இருந்துவிட்டாள். கறி அடிப்பிடித்தது. மொன்றியல் நகரத்து லாசாலில் நாங்கள் இருக்கும் கட்டடத்தில் ஒரு குசினியில் கறி கருகினால் எல்லா மாடிக்கும் தெரியும். மேல்வீட்டில் இருக்கும் நான் நெருப்புத்தான் பிடித்துவிட்டதோ என்று வெறுங்காலோடு இறங்கி ஓடினேன். அங்கே நெருப்பு இல்லை. ஒருவரும் ஒருவரோடும் கதைக்காமல் இருந்தார்கள். எனக்கு அதுதான் கூடப் பயமாக இருந்தது.

“வித்தியா, உன்ரை பெறாமகள் என்ன சொல்லுறாள் எண்டு நீயே கேள்,” என்றாள் அக்கா.

சாம்பவி எனக்காகத் திரும்பவும் சொன்னாள். மொன்றியலுக்கு வடக்கே லனோதியேர் பக்கத்தில் இருக்கும் பொதுக்காட்டில் இளம் ஆட்களைப் பருவ வேலைக்கு எடுக்கிறார்கள். மே மாதத்திலிருந்து ஒக்ரோபர் வரை. நடைபாதைகளைத் திருத்த வேண்டும், வெளியிடத்திலிருந்து வந்து காட்டை நெரிக்கிற பற்றைகளை வேரோடு பிடுங்க வேண்டும், அழிந்துகொண்டு போகிற மரங்களைத் திரும்ப நட வேண்டும். கிழமை நாட்களில் அங்கேயே கூடாரத்தில் தங்க வேண்டும். தான் ஏற்கெனவே சம்மதம் சொல்லிவிட்டதாகவும் சொன்னாள்.

அத்தான் உருத்திரமூர்த்தி, சாம்பவியின் தகப்பன், துறைமுகத்தில் கொன்ரெயினர் லொறி ஓட்டுகிறவர். அதிகம் கதைக்கமாட்டார். கதைத்தால் ஒரு வசனம், அதோடு சரி. அன்றைக்கும் ஒன்றுதான் வந்தது.

“நாங்கள் காட்டுக்குள்ளாலை ஓடித் தப்பி வந்தது, நீ திரும்பக் காட்டுக்குள்ளை போறதுக்கோ?”

எங்களுடைய சனத்தைச் சொல்லிக் குற்றமில்லை. பிள்ளை டொக்டராக வேண்டும், இல்லாவிட்டால் மருந்தாளர், அதுவும் சரிவராவிட்டால் வங்கியிலாவது இருக்க வேண்டும். மண்வெட்டியோடு நிற்கிற பிள்ளையைக் கோயிலில் எப்படி அறிமுகம் செய்வது என்று எங்களுக்குத் தெரியாது. நான் சென்ட் லோரன்டில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்கிறேன். அதையே அக்கா ஊருக்கு ‘ரீச்சர்’ என்றுதான் சொல்லி வைத்திருக்கிறாள்.

ஆனால் சாம்பவியை எனக்குத் தெரியும். சின்ன வயதில் சட்டைப் பைக்குள் மண்புழு கொண்டுவந்தவள். பிறந்தநாளுக்குக் கிடைத்த பொம்மையின் தலையைக் கழற்றி வாளியாக்கித் தண்ணீர் சுமந்தவள். மைக்ரோபயோலஜி படித்த காலத்தில்தான் அவள் முகத்தில் சிரிப்பே இல்லாமல் போனது. இறுதியில் தகப்பனும் மகளும் ஒரு பேச்சுக்கு வந்தார்கள். ஒரு பருவம் போகலாம். அந்தக் காட்டு வேலைக் குழுவில் அடுத்த வருடத்துக்குப் பொறுப்பாளர் இடம் ஒன்று இருந்தது. அது வருடம் முழுவதுக்குமான வேலை. அது கிடைத்தால் அவள் காட்டிலேயே இருக்கலாம். கிடைக்காவிட்டால் ஜனவரியில் பேசாமல் படிப்புக்குத் திரும்பிவிட வேண்டும். சாம்பவி தகப்பனுடைய கையைப் பிடித்து ஓம் என்றாள்.

முதல் கிழமை முடிந்து அவள் வீட்டுக்கு வந்தபோது கதவைத் திறந்த அக்கா அலறாத குறை. கறுப்பு ஈக்கள் கடித்து ஒரு கண் மூடிப்போயிருந்தது. காதுக்குப் பின்னால் இரத்தம் காய்ந்திருந்தது. உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம். அக்கா மஞ்சள் அரைக்க ஓடினாள். பிள்ளையோ மற்றக் கண்ணால் சிரித்துக்கொண்டு சோற்றுப் பானைக்கு முன்னால் போய் இருந்தாள். அன்றைக்கு அவள் சாப்பிட்ட சாப்பாட்டை நான் இன்னும் மறக்கவில்லை. அத்தான் அந்த வீங்கிய கண்ணையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

அந்தக் காட்டுக்குப் பஸ் கிடையாது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் அத்தான்தான் காரில் கொண்டுபோய் விடுவார். திங்களில் அவருக்குப் பின்னேர வேலை. காட்டு வாசலில் சரளைக் கல் போட்ட ஒரு கார்த் தரிப்பிடம் இருந்தது. அங்கே குழுவின் தலைவி மரி-ஏவ் ஒரு பிக்கப்போடு காத்திருப்பாள். எல்லோரையும் ஏற்றிக்கொண்டு உள்ளே முகாமுக்குப் போய்விடுவாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் அத்தான் திரும்பிப் போய்க் கூட்டிக்கொண்டு வருவார்.

அந்தத் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில்தான் சாம்பவியின் உயிர் இருந்தது. பட்டர்நட் என்று ஒரு மரம், வால்நட்டுக்குச் சொந்தம். ஏதோ ஒரு பூஞ்சை நோய் வந்து இந்த நாட்டில் அந்த மரங்களை ஒவ்வொன்றாகக் கொன்றுகொண்டு இருக்கிறது. நோய்க்குத் தப்பி நிற்கிற தாய் மரங்களைத் தேடிக் கொட்டை பொறுக்கி, மரி-ஏவ் தன் கையால் கன்றுகள் வளர்த்திருந்தாள். அந்த மரத்துக்கு நல்ல வெயில் வேண்டும். அதனால் அடர்ந்த காட்டுக்குள் வைக்காமல், வெளிச்சம் விழுகிற தரிப்பிடத்து ஓரத்தில் வைத்தார்கள். குழி வெட்டியது, நட்டது, மான் தின்னாமல் கம்பிவலை சுற்றியது, வாளியில் தண்ணீர் சுமந்தது எல்லாம் சாம்பவி. வீட்டில் இருக்கிற சனி ஞாயிறிலும் அதே கதைதான். மழை வருமா என்று பார்ப்பாள், வந்தால் லாசாலில் நின்று சந்தோசப்படுவாள்.

ஜூன் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை தண்ணீர் ஊற்றப் போனவள் ஒரு கன்றுக்குத் தலை இல்லாததைக் கண்டாள். வலைக்கு மேலே எட்டிப் பார்த்த குருத்து முறிந்திருந்தது. அடுத்த கிழமை இன்னொன்று, அதற்கடுத்த கிழமையும் ஒன்று. மான் கடித்தால் நார் பிய்ந்து தொங்கும் என்று மரி-ஏவ் சொன்னாள். இது விரலால் வளைத்துச் சுண்டி முறித்த முறிவு. மனிசக் கை. முறித்த குருத்தும் அங்கே கிடக்கவில்லை.

“ஏன் சின்னம்மா, ஒரு கன்றிலை ஆருக்கு என்ன கோவம்?” என்று என்னிடம் கேட்டு அழுதாள். மரத்துக்காக ஒரு பிள்ளை அழுவதை நான் அதற்கு முன்னர் பார்த்ததில்லை.

குழுவுக்கு ஒரு ஆள்மேல் சந்தேகம் விழுந்தது. அந்தக் கிராமத்துக்காரர் ரெஜான். அத்தானின் வயதுதான் இருக்கும். அந்தத் தரிப்பிடத்து வழியால்தான் தன்னுடைய நாலு சில்லு குவாட் வண்டியில் காட்டுக்குள் போய்வருவார். கன்றுகள் வைத்ததால் அவருடைய பாதையை அடைத்துவிட்டார்கள். மே மாதத்தில் வந்து மரி-ஏவோடு சத்தம் போட்டிருக்கிறார். சனி ஞாயிறுகளில் அந்தப் பக்கம் திரிகிறவரும் அவர்தான். கன்று முறிந்ததைக் குழு காண்பது செவ்வாயில். ஆகவே சனி ஞாயிறில்தான் நடந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். சனி ஞாயிறுக்கும் செவ்வாய்க்கும் நடுவில் திங்கள் என்று ஒன்று இருப்பதை ஒருவரும் நினைக்கவில்லை.

மற்றவர்கள் சந்தேகத்தை மனதில் வைத்திருந்தார்கள். எங்கள் பிள்ளைக்கு அது முடியாது. தாயிடமிருந்து வந்த வாய் அது. ஒரு நாள் கிராமத்தில் தெப்பனர் என்று சொல்கிற சின்னக் கடையில் தண்ணீர்ப் போத்தல் வாங்கப் போன இடத்தில் ரெஜான் மனைவியோடு நின்றார். கடை நிறைய ஆட்கள். சாம்பவி நேரே போய், நல்ல சுத்தமான பிரெஞ்சில், நீங்கள்தான் எங்கள் மரங்களைக் கொல்கிறீர்கள், ஆம்பிளை என்றால் பகலில் வந்து செய்யுங்கள் என்று சொல்லிவிட்டாள். அந்த மனிதர் சிவந்துபோனார். நான் எந்த மரத்தையும் தொடவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு, வாங்க வந்ததை வாங்காமல் வெளியே போனார்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று எங்கள் ஊரில்தான் சொல்கிறோம் என்றில்லை, அந்த ஊருக்கும் அது பொருந்தும். கதை பரவியது. வனவிலங்கு அதிகாரி ஒருவர் ரெஜானின் வீட்டுக்குப் போய் விசாரித்தார். பனிக்காலத்தில் ஸ்னோமொபைல் பாதைகளைச் சீர்செய்கிற கிராமத்துச் சங்கத்தில் அவர் வருடக்கணக்காக இருந்தவர். இந்த முறை கொஞ்சம் விலகி இருக்கச் சொல்லிவிட்டார்கள். சாம்பவி இதைச் சொன்னபோது அவளுக்குத் திருப்தி. உண்மையைச் சொன்னால் எனக்கும் திருப்திதான்.

ஓகஸ்ட் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை. குழு தரிப்பிடத்துக்குப் பின்னால் பற்றை பிடுங்கிக்கொண்டு இருந்தது. நெர்ப்ரன் என்கிற முட்பற்றை, கண்ட இடமெல்லாம் பரவி மற்றச் செடிகளை மூச்சுவிட விடாது. சாம்பவி கையுறையோடு தவழ்ந்து தவழ்ந்து ஒரு பெரிய பைன் மரத்தின் அடிக்குப் போனாள். அங்கே காய்ந்த கொப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கப்பட்டிருந்தன. அடியில் இருந்தவை மண்ணிறமாகிச் சுருண்டு போயிருந்தன. மேலே இருந்த ஒன்று வாடினாலும் இன்னும் பச்சை. பட்டர்நட் இலையை அவளுக்குப் பார்த்த உடனே தெரியும். கொப்புகளுக்குப் பின்னால், மரத்தோடு சாய்த்து நிறுத்தி வைத்த ஒரு உருண்டைக் கல்.

அந்தக் கல்லில் மூன்று குறி திருநீறு.

கண்ணுக்கு முன்னால் இருப்பது விளங்குகிறது, ஆனால் மூளை அதை எடுக்கமாட்டேன் என்கிறது என்று பிறகு என்னிடம் சொன்னாள். அந்தக் காட்டில், அந்தக் கிராமத்தில், சுற்றியுள்ள எந்த ஊரிலும் ஒரு கல்லுக்குத் திருநீறு பூசக்கூடிய ஆள் ஒருவர்தான் வந்துபோனார். திங்கட்கிழமை வந்துபோனார். தன்னை இறக்கிவிட்டு, கை காட்டிவிட்டு, பிக்கப் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றவர். அதற்குப் பிறகு அவர் என்ன செய்கிறார் என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை.

பின்னால் மரி-ஏவ் வரும் சத்தம் கேட்டது. சாம்பவி பெருவிரலால் அந்தத் திருநீற்றைத் துடைத்துவிட்டாள். ஏன் துடைத்தேன் என்று தனக்கே தெரியாது என்றாள். மரி-ஏவ் குனிந்து கொப்புகளைப் பார்த்தாள், முகம் வெளிறியது. யாரோ பொடியன்கள் சூனியம் செய்து விளையாடுகிறார்களா, இல்லை ரெஜான் எங்களைப் பயமுறுத்தப் பார்க்கிறாரா என்று கேட்டாள். சாம்பவி வாய் திறக்கவில்லை. அந்தக் கிழமை முழுவதும் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அத்தான் வந்தார். மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து, சாம்பவி அவரை அந்தப் பைன் மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். போகும் வழியிலேயே அத்தானின் முகத்தில் ஒரு வெட்கச் சிரிப்பு வந்ததாம்.

“கண்டுபிடிச்சிட்டியோ?” என்றார்.

“என்னப்பா இது?”

“பிள்ளையார். வன்னியிலை காட்டுக்குள்ளை இறங்கமுன்னம் ஒரு கொப்பு முறிச்சு அவருக்குப் போட்டிட்டுத்தான் இறங்குவம். நான் லொறி ஓடின காலத்திலை ஒரு நாள் தவறினதில்லை. நீ ஐஞ்சு நாள் உள்ளுக்கை நிக்கிறாய், ஆர் பாக்கிறது? அதுதான் கல்லொண்டை வைச்சன். நெருப்புக் கொழுத்தக்கூடாது எண்டு வாசல்லை பலகை போட்டிருக்கு. அதாலை கற்பூரம் கொழுத்தேல்லை. சட்டம் சட்டம்தானே.”

“கொப்பு எங்கையிருந்து எடுத்தனீங்கள்?”

அத்தான் தரிப்பிடத்துப் பக்கம் கையைக் காட்டினார். “முதல்லை கிடைச்ச கொப்பைத்தான் போட்டன். இந்தக் காட்டிலை ஒண்டும் எங்கடை மரம் மாதிரி இல்லை. அந்தக் கண்டுகள் தழைச்ச பிறகு பாத்தால், அதுகள் மட்டும் வேப்பங்கொப்பு மாதிரி நல்ல வடிவு. தெய்வத்துக்குப் போடுறது எண்டால் வேப்பிலைதானே நல்லது எண்டு அதிலை எடுத்தன். பெரிசாய் முறிக்கேல்லை. குருத்து மட்டும்.”

சாம்பவி அவரைக் கையில் பிடித்துக் கன்றுகளுக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்தினாள். தலையில்லாத கன்றுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். சில கன்றுகள் அடிவரை காய்ந்துபோயிருந்தன.

“இது ஆர் நட்டது தெரியுமோ அப்பா?”

“காடுதானே பிள்ளை,” என்றார் அத்தான். “காட்டை ஆரும் நடுவினமோ?”

“நான் நட்டனான்.”

அத்தானுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. கம்பிவலை எதற்கு என்று நீங்கள் யோசிக்கவில்லையா என்று சாம்பவி கேட்டதற்கு, மிருகங்கள் வராமல் காருக்கு ஏதோ வேலி போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தாராம். வீட்டில் அவள் நாள்தோறும் சொன்ன கன்றுகள் காட்டுக்கு உள்ளே எங்கேயோ இருக்கின்றன என்றுதான் அவர் எண்ணிக்கொண்டு இருந்தார். மகள் வேலை செய்கிற இடம் உள்ளே, இது கார் நிற்பாட்டுகிற இடம். அவர் தன்னுடைய வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த இடத்திலேயே, அந்தச் சரளைக் கல்லில், அப்படியே குந்தி இருந்துவிட்டார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று நாங்கள் சிரித்துச் சொல்வோம். அன்றைக்குச் சிரிக்க அங்கே ஒருவரும் இல்லை.

சனிக்கிழமை காலை அக்கா வீட்டுக் குசினியில் எனக்கு இதெல்லாம் தெரியவந்தது. மழை வருமா என்று கேட்டுக் கேட்டு வளர்த்த கன்றை, அவளைக் காப்பாற்றவென்று அவளுடைய தகப்பனே கிழமைக்கு ஒன்றாக முறித்திருக்கிறார். யாரைப் போய் நோவது?

சாம்பவி திங்கட்கிழமை எல்லாவற்றையும் மரி-ஏவிடம் சொல்லப்போவதாகச் சொன்னாள். அக்கா குறுக்கே பாய்ந்தாள்.

“ஒண்டும் சொல்ல வேண்டாம். இனிமேல் அப்பா முறிக்கமாட்டார், அதோடை விடு. சொன்னால் அந்தப் பொறுப்பாளர் வேலை உனக்குத் தருவினமோ?”

“அப்ப அந்த மனுசன், அம்மா?”

“அவன் இந்த நாட்டுக்காரன். ரெண்டு கிழமையிலை எல்லாரும் மறந்துபோவினம். உனக்கு அப்பிடியில்லை.”

பொறுப்பாளர் வேலை போனால் மகள் படிப்புக்குத் திரும்புவாள், அக்காவுக்கு அது வாய்க்கு வந்த வெல்லம். இருந்தும் பிள்ளைக்காகத்தான் கதைத்தாள். அது எனக்கு விளங்கியது. ஆனாலும் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

“எங்கடை பிள்ளையை ஆரேன் கடையிலை வைச்சு, பத்துப் பேருக்கு முன்னாலை இப்பிடிச் சொல்லியிருந்தால் நீ ரெண்டு கிழமையிலை மறந்திருப்பியோ அக்கா? நீ ரெண்டு தலைமுறைக்கு மறக்கமாட்டாய்,” என்றேன்.

அக்கா என்னோடு கோபித்துக்கொண்டு தேத்தண்ணி போடப் போனாள். அதுவரை யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு இருந்த அத்தான் திரும்பினார்.

“நானும் வாறன். முறிச்சது நான். நான்தான் சொல்லவேணும்.”

திங்கட்கிழமை அத்தான் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் போனார். தரிப்பிடத்தில் மற்றவர்களை முகாமுக்கு அனுப்பிவிட்டு மரி-ஏவ் பிக்கப்பின் பின் தட்டில் இருந்து கேட்டாள். அத்தான் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் தொடங்கினார். துறைமுக வாசலில் கதைக்கிற பிரெஞ்சு அது. கொன்ரெயினரும் கதவு இலக்கமும் சொல்லப் போதும், பிள்ளையாரைச் சொல்லப் போதாது. மிச்சத்தைச் சாம்பவி சொன்னாள். திருநீற்றைத் தானே துடைத்ததையும் சொன்னாள்.

மரி-ஏவ் கோபித்துக் கத்தியிருந்தால் நல்லாக இருந்திருக்கும் என்று சாம்பவி சொன்னாள். ஆனால் மரி-ஏவ் அழுதாள். அந்தக் கன்றுகளை விதையாக இருந்தபோதே தெரிந்தவள் அல்லவா. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

“மரத்தை நான் திரும்ப வளர்ப்பேன். அடுத்த வருடப் பொறுப்புக்கு உன்னைத்தான் நினைத்திருந்தேன். ஆனால் நீ ஒரு மனிதனைக் கடையில் வைத்துக் குற்றவாளி ஆக்கியிருக்கிறாய். நானும் உன்னைத் தடுக்கவில்லை. முதலில் அவரிடம் போ. மற்றதைப் பிறகு கதைப்போம்.”

ரெஜான் தன் வீட்டு முற்றத்தில் பனிக்காலத்துக்கு விறகு அடுக்கிக்கொண்டு நின்றார். காரில் இருந்து இறங்கியது யார் என்று கண்டதும் அவருடைய மனைவி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். சாம்பவிக்குப் பொன்ஜூர் என்று வணக்கம் சொல்லக்கூட வரவில்லை. எல்லாவற்றையும் நின்ற நிலையில் சொன்னாள். மன்னிப்புக் கேட்டாள். ரெஜான் அவளை விட்டுவிட்டு அத்தானைப் பார்த்தார்.

“நீயா முறித்தாய்?”

“ஓம், நான்,” என்றார் அத்தான் பிரெஞ்சில்.

“காட்டில் மகளுக்கு ஒன்றும் நடக்கக்கூடாது என்று?”

“ஓம்.”

ரெஜான் தலையாட்டினார். அதில் அவருக்கு ஒரு கோபமும் இருந்த மாதிரித் தெரியவில்லை. அவருக்கும் பிள்ளைகள் இருந்திருக்க வேண்டும். பிறகு சாம்பவியின் பக்கம் திரும்பினார்.

“காடு உனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை,” என்றார். “எனக்குத்தான் நடந்தது. அதைச் செய்தது நீ.”

கையில் இருந்த விறகை அடுக்கில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது என்று சாம்பவி பின்னர் சொன்னாள். நான் கடைக்குப் போய் எல்லோருக்கும் முன்னால் சொல்கிறேன் என்றாள். சொல், என்றார் ரெஜான், திரும்பிப் பார்க்காமல்.

தெப்பனர் கடையில் அன்றைக்கும் ஆட்கள் நின்றார்கள். சாம்பவி கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று, மரத்தை முறித்தது தன்னுடைய அப்பா என்றும், ரெஜான்மேல் தான் அநியாயமாகப் பழி போட்டதாகவும் சொன்னாள். கோப்பி ஊற்றிக்கொண்டு இருந்தவர்கள் ஊற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அத்தான் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் நின்றார். ஒரு கிழவர் மட்டும், ரெஜானிடம் மன்னிப்புக் கேட்க நானும் போகவேண்டும் என்று முணுமுணுத்தார்.

திரும்பிக் காட்டுக்கு வந்து சாம்பவி மரி-ஏவிடம் நடந்ததைச் சொன்னாள். மரி-ஏவ் கேட்பதற்கு முன்னரே, பொறுப்பாளர் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுங்கள் என்றும் சொல்லிவிட்டாள். பாராமல் தீர்ப்புச் சொன்ன எனக்கு ஐந்து பேருக்குத் தலைமை தாங்க இன்னும் காலம் வேண்டும் என்றாள். மரி-ஏவ் இல்லை என்று மறுக்கவில்லை. பருவம் முடியும்வரை இருந்து மிச்சக் கன்றுகளைப் பார் என்றாள். மற்றவர்கள் இன்றைக்குச் சமாளிப்பார்கள், நீ வீட்டுக்குப் போய்விட்டு நாளைக்கு வா என்று அனுப்பினாள்.

திரும்பும் வழியில் சாம்பவிதான் கார் ஓட்டினாள். காட்டைத் தாண்டி, சோள வயல்களைத் தாண்டி, பெருந்தெருவில் ஏறினார்கள்.

“பொறுப்பாளர் வேலை இல்லையெண்டால், நீ தந்த வாக்கு?” என்று அத்தான் மெல்லக் கேட்டார்.

“வாக்கு வாக்குத்தான். ஜனவரியிலை படிக்கப் போறன்.”

அத்தான் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். துடைத்துவிட்டுப் போடவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு இருந்தார். அவர் அழுகிறார் என்று சாம்பவிக்கு அப்போதுதான் தெரிந்தது. தன் வாழ்க்கையில் அப்பா அழுது அவள் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை.

“முதல் கிழமை கொப்புப் போடேக்கை, என்ரை பிள்ளை பத்திரமாய் வரவேணும் எண்டுதான் கேட்டனான்,” என்றார். “நீ கண் வீங்கி வந்தாய் பார், அதுக்குப் பிறகு அப்பிடிக் கேக்கேல்லை. இந்த வேலை இவளுக்குச் சரிவரக்கூடாது, அலுத்துப்போய் விட்டிட்டு வரவேணும் எண்டு கேட்டனான். ஒவ்வொரு கிழமையும் அதைத்தான் கேட்டனான் பிள்ளை. இப்ப பிள்ளையார் குடுத்திட்டார்.”

சாம்பவி காரை ஓரம் கட்டி நிற்பாட்டினாள். பக்கத்தால் பார லொறிகள் போகும்போது கார் ஆடியது. மரம் முறிந்ததில் வந்த அதிர்ச்சி, கல்லைக் கண்டதில் வந்த அதிர்ச்சி, ரெஜானின் முற்றத்தில் வந்தது, எல்லாம் ஒன்றுமில்லை, இதுதான் சின்னம்மா என்னை விழுத்தியது என்று என்னிடம் சொன்னாள். சோற்றுப் பானைக்கு முன்னால் இருந்து அவள் சிரித்த நேரத்திலெல்லாம், எதிரே இருந்த மனிதர் அந்தச் சிரிப்பு இல்லாமல் போகவேண்டும் என்று நேர்ந்துகொண்டு இருந்திருக்கிறார். அன்பில்தான் செய்தார். அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

“பிள்ளையாரிட்டைக் கேட்டதை என்னட்டைக் கேட்டிருக்கலாமே அப்பா,” என்றாள். “நான் பக்கத்திலைதானே இருந்தனான். ஒவ்வொரு திங்களும், இந்தக் காருக்குள்ளை.”

அத்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவளுடைய முகத்தைப் பார்த்தார்.

“அப்ப இப்ப கேக்கிறன். உனக்கு இந்த வேலைதான் வேணுமோ?”

“ஓம்,” என்றாள் சாம்பவி.